நாலாம் நம்பர் கதிரையில் இருபது நிமிஷம்

இந்த முறை அறை சுத்தம் செய்யும் வேலைக்குக்கூட ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, பேசவிட்டுப் பார்த்துத்தான் எடுக்கப் போகிறார்களாம். நான் வேலை செய்த ஹோட்டலில் இப்போது இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் கண்டியில், மஹய்யாவவில் என் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். எப்படிப் பேசுவது என்று ஃபோனில் வீடியோ பார்த்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். “இந்தக் கருத்தோடு நான் உடன்படுகிறேன், ஆனாலும்” என்று ஒருத்தி ஒப்புவித்துக் காட்டினாள். நன்றாகத்தான் சொன்னாள். எந்தக் கருத்தோடு உடன்படுகிறாய் என்று கேட்டேன். அவள் மறுபடியும் ஃபோனை எடுத்துத் தேடினாள். ஊழியர் நலச் சங்கத்தின் வருஷ மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், எல்லோரும் படிக்கட்டும் என்றார்கள். சரி என்றேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போகும். எனக்கு அவசரம் இல்லை, நீங்களும் ஆறுதலாகப் படியுங்கள்.

பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில். கல்யாணம் முடித்து மஹய்யாவவுக்கு வந்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வாவிக்கு மேலே மலையில் இருக்கும் அந்த ஹோட்டலின் சலவைப் பகுதியில் சேர்ந்தேன். கறையைப் பார்த்ததும் அது தேத்தண்ணியா, குழம்பா, இரத்தமா என்று சொல்லப் பழக ஆறு மாதம். சூட்டு உருளையில் கை சுடாமல் கட்டில் விரிப்பைக் கொடுக்கப் பழக ஒரு வருஷம். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அங்கேதான்.

பெரிய மெஷின் ஒன்று, சின்ன மெஷின் ஒன்று, காயவைக்கிற டிரையர், இஸ்திரி உருளை, பின்னால் தனி அறையில் பொய்லர். இவ்வளவும் ஒரு சுப்பவைசரின் கையில். அந்தச் சுப்பவைசர் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவார். வந்தவருக்கு விரிப்பு எது, மேசைத்துணி எது என்று நாங்கள் காட்டிக் கொடுப்போம். மூன்றாம் மாதம் அவர் எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பார். இப்படி ஆறு பேருக்கு வேலை பழக்கிவிட்டு அவர்களையே ‘சேர்’ என்று கூப்பிட்டவள் நான். அந்த வேலையை எனக்கே தரவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்களுக்கெல்லாம் மேலே மாலனி மிஸ். சிங்களவர், கண்டிக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலை பத்து மணிக்குக் கீழே வருவார். அடுக்கி வைத்த விரிப்புகளில் மேலே இருப்பதை எடுக்க மாட்டார், நடுவில் இருந்து ஒன்றை உருவுவார். அதைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நல்லதென்றால் மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பார். பிழை என்றால் விரித்து மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார், ஒரு சொல்லும் சொல்லாமல். என்ன பிழை என்று நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்குவதே மேல் என்று சில நாள் தோன்றும்.

ஆறாவது சுப்பவைசரும் போன பிறகுதான் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இனிமேல் வேலை உயர்வுக்கு வயதும் பார்ப்பதில்லை, சிபாரிசும் பார்ப்பதில்லை, குழுக் கலந்துரையாடல் வைத்துத்தான் ஆள் எடுப்போம் என்றார். ஆறு கதிரையை வட்டமாகப் போட்டார்கள். நெஞ்சில் நம்பர் குத்தினார்கள். ஒரு பிரச்சினையை வாசித்துக் காட்டிவிட்டு யோசிக்க ஐந்து நிமிஷம், பேச இருபது நிமிஷம் என்றார்கள். அதிகாரியும் மாலனி மிஸ்ஸும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேச மாட்டார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துப் பேசவும் கூடாது.

அந்த முதல் தடவை நான் வாயே திறக்கவில்லை.

பயம் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் கூட்டம் என்றால் தலைவர் எழும்பி, இன்னார் பேசட்டும் என்று பேர் சொல்லுவார். பேர் சொன்ன பிறகுதான் எழும்ப வேண்டும். சொல்லாமல் எழும்பிப் பேசினால், யாருடைய வீட்டுப் பிள்ளை இது என்று கேட்பார்கள். நான் அப்படி வளர்ந்தவள். யாராவது என் பேரைச் சொல்வார்கள் என்று இருபது நிமிஷமும் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன். என் தலைக்குள்ளே பதில் தயாராக இருந்தது. மணி அடித்தது, எழும்பி வந்தோம். என்னைக் கேட்காமல் விட்டார்களே என்று எனக்குத்தான் கோபம்.

இரண்டு நாள் கழித்து மாலனி மிஸ் கூப்பிட்டார். மார்க் போட்ட தாளை மேசையில் வைத்து, மற்றவர்களுடையதைக் கையால் மறைத்துக்கொண்டு என் வரியை மட்டும் காட்டினார். பேசினாரா, கேட்டாரா, மற்றவரைப் பேச வைத்தாரா, முடிவுக்குக் கொண்டுவந்தாரா என்று நாலு கட்டம். நாலும் வெள்ளையாக இருந்தது. எழுத்துத் தெரியாதவளுக்கும் வெள்ளை தெரியும். “பாக்கியம், அங்க யாரும் உங்கள பேசச் சொல்ல மாட்டாங்க. நீங்களாத்தான் பேசணும். அதுக்குத்தான் அந்தக் கதிர” என்றார். அவ்வளவுதான். தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அந்த முறையும் சுப்பவைசர் வெளியிலிருந்துதான் வந்தார்.

ஏழாவது ஆளுக்கும் நான்தான் விரிப்பைக் காட்டிக் கொடுத்தேன். ஆனால் அதோடு இன்னொரு வேலையையும் தொடங்கினேன். எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு கூட்டம். யாரும் பேர் சொல்லாமலே எழும்பிப் பேசிப் பழகுவது என்று முடிவெடுத்தேன். முதல் மாதம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினேன். அடுத்த மாதம் சாக்கடைக் கான் அடைப்பைப் பற்றி. மூன்றாவது மாதம் நான் எழும்பும்போதே, “பாக்கியக்கா எலக்ஷன் கேக்கப் போறாங்க போல, போஸ்டர் எப்ப ஒட்டுறது?” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டும்போது உன் வீட்டுச் சுவரில்தான் முதலில் ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் பேசித்தான் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் இப்படிப் பேசினேன். நீட்டிப் பேசினால் ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள் என்பதையும் அங்கேதான் படித்தேன்.

இதற்குள் என் மகள் கலாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் எங்கள் சலவைப் பகுதிதான். பெரிய மெஷினைப் பார்ப்பவர். சம்பந்தியின் பேரைச் சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை, ஆனாலும் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதுகிறேன்: முத்தையா. அந்த மெஷினை அவரைப் போல அறிந்தவர் யாரும் இல்லை. அது ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை விரிப்பு என்று சொல்லுவார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் நானும் வேலை இடத்தில் வாய்க்கு வாய் பேசியவர்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுவிட்டது. பெண்ணைக் கொடுத்தவள் மாப்பிள்ளையின் அப்பாவோடு எதிர்த்துப் பேசுவாளா? என் மகள் அவர் வீட்டில், அவர் மனைவியின் அடுப்பில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏழாவது சுப்பவைசர் வேறு ஹோட்டலுக்குப் போனதும் மறுபடியும் கலந்துரையாடல் என்று அறிவித்தார்கள். ஆறு பேர். அதில் நானும் ஒருத்தி, சம்பந்தியும் ஒருவர். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. இன்னொரு முறை கிடைக்காது என்று தெரியும்.

முதல் நாள் பின்னேரம் கலா வந்தாள். குசினியில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு நகத்தைப் பார்த்தபடி, “அம்மா, மாமாவோட மோதிக்காத. நீ பேசிட்டு வந்துருவ, வீட்டுல இருக்கிறது நானு” என்றாள்.

மோத மாட்டேன், ஆனால் பேசாமல் எழும்பி வரவும் மாட்டேன் என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

எனக்குக் கிடைத்தது நாலாம் நம்பர். சம்பந்தி இரண்டு. ஒன்று, மூன்று, ஐந்து மூவரும் அறைப் பக்கம் வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகள். ஆறாம் நம்பர் ரிஸ்வி, பொய்லர் பார்ப்பவர், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வருகிறவர். சிங்களத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம், ஆனால் ஒருவரையொருவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார் அதிகாரி.

பிரச்சினையைச் சிங்களத்தில் அவர் வாசிக்க, தமிழில் மாலனி மிஸ் வாசித்தார். பெரஹரா திருவிழாக் காலம். எல்லா அறைக்கும் ஆள் பதிந்தாயிற்று. பெரஹரா தொடங்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போது சின்ன மெஷின் பழுதாகிறது, திருத்த ஒரு கிழமை ஆகும். விரிப்புக் குறையாமல் எப்படிச் சமாளிப்பீர்கள்?

எல்லோருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷத்தில் நான் எழுதினால் ஒரு வரிதான் வரும். அதனால் தாளை மடியில் வைத்துவிட்டு விரலில் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல்: எந்த அறையில் ஆள் மாறுகிறது, எந்த அறையில் அதே ஆள் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அடுத்த விரல்: சாப்பாட்டு நேரத்தில் பெரிய மெஷின் நிற்கக் கூடாது. நடுவிரல்: நீராவி. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ரிஸ்வியைத்தான் கேட்க வேண்டும். மூன்று போதும் என்று கையை மூடிக்கொண்டேன்.

ஒன்றாம் நம்பர் பாய்ந்து தொடங்கினான். புதிய மெஷின் வாங்க வேண்டும் என்றான். மூன்று நாளில் எங்கே வாங்குவது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் நம்பர் பிள்ளை, வெளியே ஒரு சலவைக்காரரிடம் கொடுக்கலாம் என்றாள். மூன்றாம் நம்பர், பெரஹரா நேரத்தில் கண்டி முழுக்க எல்லா ஹோட்டலும் அவர்களிடம்தானே ஓடும் என்றாள். சரியான பேச்சு. மற்றவர்கள் தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். என் மடியில் இருந்த தாளில் ஒன்றும் இல்லாததால் நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வி இரண்டு முறை வாய் திறந்து மூடியதை அப்படித்தான் கண்டேன்.

அப்போது சம்பந்தி பேசினார். நல்ல குரல் அவருக்கு, எல்லோரும் திரும்பினார்கள். “மூணு தரம் அலசுறோம். அத ஒரு தரமாக்கினா ஒரு சுத்துக்கு இருபது நிமிஷம் மிச்சம். தண்ணியும் மிச்சம், கரண்டும் மிச்சம். ஒரே மெஷின்ல எல்லாத்தையும் முடிச்சிறலாம்.”

மூலையில் அதிகாரி வேகமாக எழுதினார். ஒன்றாம் நம்பர் அதைப் பிடித்துக்கொண்டான், ஐந்தாம் நம்பரும் தலையாட்டினாள். எல்லோரும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அதுதான் முடிவு.

எனக்குக் கலாவின் முகம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கையை மூடியபடியே இருந்தேன். பிறகு மாலனி மிஸ் முன்பு காட்டிய தாளில் என் வரியின் நாலு வெள்ளைக் கட்டமும் வந்தது. இரண்டாம் நம்பர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பேர் சொல்லவும் முடியாது. உள்ளதைத்தான் சொன்னேன்.

“அது சரி வராது, சம்பந்தி.”

சம்பந்தி என்றால் என்ன என்று அதிகாரி மாலனி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் தலை நிமிராமல், எழுதுங்கள் என்பது போல விரலை அசைத்தார். நான் நிறுத்தவில்லை. “அலசாம விட்டா சவுக்காரம் விரிப்புலயே நிக்கும். சூட்டு உருளையில போட்டதும் மஞ்சளாகும். மஞ்சளானத திரும்பக் கழுவணும். இருபது நிமிஷத்த மிச்சம் புடிக்கப் போயி ஒரு மணித்தியாலத்த விட்டுட்டு நிப்போம். படுத்தவங்களுக்கும் ஒடம்பெல்லாம் அரிக்கும்.”

“எத்தன வருஷமா நான் மெஷின் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?” என்றார். குரல் மாறியிருந்தது.

“ஒங்களுக்குத் தெரியும். அதுனாலதான் சொல்றேன்” என்றேன்.

உங்களில் யாராவது இப்படி ஒருவரை மறுக்க வேண்டி வந்தால், அந்த இடத்தில் நிற்காதீர்கள். மறுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது சண்டை. மறுத்தவள்தான் அடுத்த வழியைக் காட்ட வேண்டும். நான் கட்டைவிரலை நீட்டினேன். பெரஹரா பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள், அவர்கள் கேட்டால் மட்டும் விரிப்பை மாற்றுவோம், யார் போகிறார்கள் என்று அறைப் பக்கம் எங்களுக்குச் சொல்ல முடியுமா என்று மூன்றாம் நம்பரைக் கேட்டேன். பின்னேரமே பட்டியல் தருவோம் என்றாள் அவள். பிறகு ரிஸ்வியின் பக்கம் திரும்பினேன். “தம்பி, நீங்க ரெண்டு தரம் பேச வந்தீங்க. காலையில நீராவி வர எவ்வளவு நேரம் போகுது?”

அவர் முதலில் மூலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அதத்தான் செல்ல வந்தேன் அக்கா. நான் அஞ்சு மணிக்கு வந்து பத்தவைக்கிற. ஆறு மணிக்கு நீங்க வந்தாலும் ஸ்டீம் வர ஏழாகும். டெய்லி ஒரு மணித்தியாலம் மெஷின் சும்மா நிக்கிது. ஹோட்டல் வேன் வந்து என்ன ஏத்தினா நாலுக்கே பத்தவைக்கேலும்.”

இத்தனை வருஷமும் அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் தேத்தண்ணி குடித்துக் கழித்திருக்கிறோம். எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த மனுஷனை ஒருவரும் கேட்டதில்லை.

பேச்சு அதற்குப் பிறகு தானாக ஓடியது. சம்பந்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருந்தால் அவருடைய மார்க் குறைந்திருக்கும், எனக்கு நல்லதுதான் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு மனம் வரவில்லை. மனம் வராததோடு, பெரிய மெஷினைப் பற்றி அவர் சொல்லாமல் அந்தத் திட்டம் முழுமையாகவும் இல்லை. “சாப்பாட்டு நேரத்துல மெஷின நிப்பாட்டாம ஓட்டேலுமா? அத சம்பந்திதான் சொல்லணும்” என்றேன்.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்று மணி அடித்தது. அதற்குப் பிறகு அவர் தரையைப் பார்த்தபடியே, “ஓட்டலாம். ரெண்டு பேரு மாறி மாறி நின்னா ஓட்டலாம்” என்றார். ஒன்றாம் நம்பர் எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னான். வேனை மறந்துவிட்டான், அதை நான் எடுத்துக் கொடுத்தேன். முடிந்தது.

சம்பந்தி என்னைப் பார்க்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இந்தச் செய்தி வேறு வாயால் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அன்று பின்னேரமே நான் அங்கே போனேன். கலா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சம்பந்தி உள்ளே ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். வாங்க என்று அவர் மனைவி சொன்னார், அவர் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் ரேடியோவைப் பார்த்தபடி, “எல்லாருக்கும் முன்னால இப்பிடிச் சொல்லிட்டீங்களே” என்றார். “தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே.”

“தனியாச் சொன்னா எனக்கு எப்பிடி மார்க் போடுவாங்க?” என்றேன்.

அவர் மனைவி சிரித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. “நான் ஒரு தரம் அலசிட்டு விரிப்ப வெளிய குடுக்கிற ஆளா? என்னப் பத்தி அப்பிடித்தான் நெனச்சீங்களா?”

“இல்ல சம்பந்தி. நீங்க அப்பிடிச் செய்யவே மாட்டீங்க. பெரியவங்களுக்குப் புடிக்கும்னு அங்க அப்பிடிச் சொன்னீங்க. கையால செய்யாத ஒண்ண வாயால சொல்லிட்டீங்க. அதுதான் எனக்குத் தாங்கல.”

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு குறைத்தார். நான் வெளியே வரும்போது கலா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உடனே விட்டாள். கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து நாலு நாள் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த நாலு நாளும், பேசியது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் மாலனி மிஸ் கூப்பிட்டார். இந்த முறை தாள் ஒன்றும் காட்டவில்லை. விரிப்பு அலுமாரியின் சாவிக் கொத்தை மேசையில் வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள்தான் சுப்பவைசர் என்றார். நான் எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். ஆறு மணிக்குச் சம்பந்தி வருவாரா, வந்தால் என்னை என்னவென்று கூப்பிடுவார், நான் அவருக்கு எப்படி வேலை சொல்வது என்று படியிறங்கி முடியும் வரை யோசனை. வராவிட்டால் கலாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் பெரிய யோசனை.

கதவைத் திறக்கும் முன்பே பெரிய மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அது ஓடியதே இல்லை. நாலு மணி என்று சொன்ன ரிஸ்வி மூன்று மணிக்கே வந்து பத்தவைத்திருக்கிறார். சம்பந்தியும் அவரை ஏற்றிய ஹோட்டல் வேனில் ஏறி வந்திருக்கிறார். முதல் சுற்று முடிந்து, மூன்றாம் தரம் அலசிய தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கண்ணாடிக் கோப்பையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. கோப்பையை எனக்குத் தெரியும்படி மெஷின் மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. மூடியைத் திறந்து ஈர விரிப்பு ஒன்றின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய விரிப்பைத் தனியாக உதற முடியாது.

நான் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் மற்ற முனையைப் பிடித்தேன்.